பின்நவீனத்துவம் படித்தவன் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவர், இப்போது பெங்களூரில் வேலை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த ராத்திரி, குடும்ப ஜெபத்தில் அம்மா வேதத்தை உங்கள் கையில் கொடுத்து "நீ வாசிப்பா" என்றார்கள். சின்ன வயதிலிருந்து வாசித்துப் பழகிய பகுதிதான். ஆனால் வாய் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லித் தங்கையிடம் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள்: எந்தப் பிரதிக்கும், அதாவது எழுதப்பட்ட எதற்கும், ஒற்றை அர்த்தம் கிடையாது, உண்மை என்று சொல்லப்படும் எதற்குப் பின்னாலும் ஓர் அதிகாரம் நிற்கிறது என்று ஒத்துக்கொண்ட ஒருவன், பைபிளைக் கடவுளின் வார்த்தை என்று வாசிப்பது பொய் இல்லையா?

கேள்வியின் மேல்பாதி தத்துவம். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தத் தொண்டையைப் பற்றி என்று நினைக்கிறேன். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அம்மாவையும் ஏமாற்றாமல் உங்களையும் ஏமாற்றிக்கொள்ளாமல் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்க முடியுமா? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மதுரை அரசரடியில் இறையியல் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயராக இருந்தேன். அதில் பெரும்பகுதி குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சபைகள். இப்போது ஓய்வு பெற்று அரவேனு பக்கம் இருக்கிறேன். தத்துவம் எனக்குத் தொழில் இல்லை. பின்நவீனத்துவக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவை நான் படித்தது ஆங்கில வழியாக, அதுவும் கொஞ்சம். வேதத்தைப் பலவிதமான மனிதர்களோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வருவதுதான்.

முதலில், நீங்கள் படித்தவர்கள் எதைத் தாக்கினார்கள் என்று பார்ப்போம். 1967-இல் பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த், பிரதியின் பொருளை எழுதியவன் தீர்மானிப்பதில்லை என்ற அர்த்தத்தில், ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். 1979-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார், எல்லாவற்றையும் ஒரே கதையில் விளக்கிவிடும் பெருங்கதையாடல்கள் மீது நம்பிக்கை போய்விட்ட நிலையைத்தான் பின்நவீனம் என்கிறேன் என்று எழுதினார். தமிழில் 1980-களிலும் 90-களிலும் சிறுபத்திரிகைகள் வழியாக இந்தப் பேச்சு வந்தது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒருவன் இருந்தான். எங்கும் நிற்காமல், எந்தப் பக்கமும் சாயாமல், எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்து "இதுதான் உண்மை" என்று சொல்லும் அந்த நவீன மனிதன். இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. லியோதாரின் எழுத்து வருவதற்கு ஒரே வருஷம் முன்பு, 1978 அக்டோபரில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில நூறு சுவிசேஷகத் தலைவர்கள் கூடி, வேதத்தில் எந்தப் பிழையும் இல்லை, சரித்திரத்திலும் அறிவியலிலும்கூட இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நம் ஊர் வாலிபர் முகாம்களில் நீங்கள் கேட்டு வளர்ந்த பேச்சில் பாதி அந்த மாதிரி அறிக்கைகளின் தமிழ் நிழல்தான். வேதம் நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமென்றால் அது ஆய்வுக்கூட அறிக்கை மாதிரி இருக்கவேண்டும் என்பதும் நவீன காலத்தின் ஆசைதான். உங்கள் வகுப்பறை அந்த ஆசையை உடைத்தது. உங்கள் அம்மா அப்படி வாசிக்கிறார்களா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அவர்களுடைய வேதத்தின் ஓரங்களைப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் செய்வதுபோல, சில வசனங்களின் பக்கத்தில் பேனாவால் தேதி எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாள், உங்களுக்கு ரிசல்ட் வந்த நாள், அப்பாவுக்கு வேலை போன நாள். அவர்கள் வாசிக்கும் விதம் சிக்காகோ அறிக்கையைவிட மிகப் பழையது.

ஒரு பிரதிக்குப் பல அர்த்தம் என்பது தமிழனைப் பயமுறுத்த வேண்டிய செய்தியே இல்லை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பது மரபு. மணக்குடவர் ஒரு விதமாகச் சொன்னதைப் பரிமேலழகர் வேறு விதமாகச் சொல்வார். குறள்களின் வரிசையைக்கூட அவரவர் மாற்றி வைத்தார்கள். அதனால் குறளுக்கு அர்த்தமே இல்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நம்மில் யாரும் முடிவு கட்டவில்லை. உரை பெருகப் பெருக மூலத்தின் மேல் மரியாதைதான் கூடியது. அதே சமயம், மூலத்தில் இல்லாததை உரைகாரர் ஏற்றிச் சொன்னால் அடுத்த உரைகாரர் விடமாட்டார். கிறிஸ்தவத்திலும் இதே கதைதான். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அகுஸ்தீன், கடவுளிடத்திலும் அயலானிடத்திலும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம் சொல்பவன் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதினார். ஒரே பகுதிக்குப் பல பொருள் இருக்கலாம் என்பதை அவர் தாராளமாக ஒத்துக்கொண்டவர். ஒற்றை அர்த்தம் இல்லாவிட்டால் விசுவாசமே இடிந்துவிடும் என்று யாரோ நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னது திருச்சபையின் நீண்ட மரபு இல்லை.

வேதத்துக்குள்ளேயே பல குரல்கள் இருக்கின்றன. இதை நீங்கள் ஒரு மாலையில் சோதித்துப் பார்க்கலாம். தாவீது ஜனங்களைத் தொகையிட்ட கதை 2 சாமுவேல் 24-இல் இருக்கிறது. அங்கே தாவீதை ஏவிவிட்டது கர்த்தருடைய கோபம். அதே கதை 1 நாளாகமம் 21-இல் வருகிறது. அங்கே ஏவிவிட்டவன் சாத்தான். பின்னால் எழுதியவருக்கு முன்னால் எழுதப்பட்டது உறுத்தியிருக்கிறது. ஆனால் தொகுத்தவர்கள் பழையதை அழிக்கவில்லை, இரண்டையும் வைத்தார்கள். எஸ்றா அந்நிய ஜாதி மனைவிகளை அனுப்பிவிடச் சொல்கிறார். ரூத்தின் புத்தகம் மோவாபியப் பெண் ஒருத்தியைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாக நிறுத்துகிறது. நல்லவன் வாழ்வான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. யோபுவிடம் அதையே சொன்ன சிநேகிதர்களைப் புத்தகத்தின் முடிவில் கர்த்தரே கடிந்துகொள்கிறார். சுவிசேஷம் நான்கு. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கையும் ஒன்றாகக் கோத்து, முரண் இல்லாத ஒரே கதையாகக் கொடுத்தார். சீரிய மொழிச் சபைகள் அதைப் பல தலைமுறை ஆராதனையில் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அதை விட்டுவிட்டுத் தனித்தனி நான்குக்கே திரும்பினார்கள். வசதியான ஒற்றைக் கதை கையில் இருந்தும், ஒத்துப்போகாத நான்கு சாட்சிகளைச் சபை வைத்துக்கொண்டது. எனக்கு இது பெரிய விஷயம். பல குரல் என்பது வேதத்தின் மேல் வெளியிலிருந்து விழுந்த அடி இல்லை. அது அப்படித்தான் தொகுக்கப்பட்டது.

தமிழ் வேதத்தின் கதையும் அப்படித்தான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். பின்னால் வந்த பப்ரிசியுஸ் கடவுளைப் பராபரன் என்றார். 1871-இல் முழுமையாக வந்த, உங்கள் அம்மா இன்றும் வாசிக்கிற மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒன்றில் "ஆதியிலே வார்த்தை இருந்தது". இன்னொன்றில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது". வார்த்தையும் வாக்கும் ஒன்றா? வாக்கு என்றால் கொடுத்த வாக்கும்கூட. இந்த மலையிலேயே பாருங்கள், 1890-இல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகம் படுக மொழியில், கன்னட எழுத்தில், சுவிசேஷத்தை அச்சிட்டபோது அதை "ஒள்ளெய சுத்தி" என்றார்கள். நல்ல சேதி. கோத்தகிரிச் சந்தையில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற அதே சேதி. மொழிபெயர்ப்பு எல்லாம் விளக்கம்தான் என்று உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. இஸ்லாம் குர்ஆனின் அரபு மூலத்தைப் பார்க்கிற விதத்தில் கிறிஸ்தவம் தன் மூலமொழியைப் பார்த்ததில்லை. இயேசு பேசியது அரமேயம், சுவிசேஷங்கள் நம் கைக்கு வந்தது கிரேக்கத்தில். நம் மூலமே ஒருவகையில் மொழிபெயர்ப்புத்தான்.

உங்கள் இரண்டாவது பாதி, அதிகாரம் பற்றியது, இதைவிடக் கனமானது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மேலே அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தோற்றுப்போன திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்து மலையேற்றப்பட்ட மரங்கள். அந்த உத்தரத்தின் கீழே நின்று, "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று நானே வாசித்திருக்கிறேன். வசனம் ஒன்று சொல்லியது, கூரை வேறொன்று சொல்லியது. சுவிசேஷம் இந்த மலைக்கு வந்த பாதையும் பீரங்கி வந்த பாதையும் பல இடங்களில் ஒன்றாகவே இருந்தன. இதை மறைப்பவர்களோடு நான் இல்லை.

கூரையைக் குறை சொல்வது சுலபம். என் கையால் நடந்ததையும் சொல்லவேண்டும். ஊழியத்துக்கு வந்த மூன்றாம் வருஷம், ஒரு அக்கா ஆராதனை முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். முக்காட்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. புருஷன் குடித்துவிட்டு அடித்தது. நான் 1 பேதுரு 3-ஐத் திறந்து, "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷர்களுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று வாசித்து, ஜெபம் பண்ணி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனார். பல மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளி, மனைவிக்குரிய கனத்தைச் செய்யாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் முழுக்க, கையில் எந்த அதிகாரமும் இல்லாமல் சிதறிக் கிடந்த பரதேசிகளுக்கு எழுதப்பட்டது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனாலும் கையில் வசதியாக வந்த ஒரு வசனத்தை எடுத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று சொன்னார். ஆனால் அந்த நாள் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆகவே, "யார் வாசிக்கிறான், யாருக்காக வாசிக்கிறான், இதனால் யாருக்கு லாபம்" என்று நீங்கள் படித்த ஆட்கள் கேட்கச் சொல்கிற கேள்வியை நான் ஆயிரம் தரம் வரவேற்கிறேன். ஆமோசும் எரேமியாவும் தங்கள் காலத்து ஆசாரியர்களிடம் கேட்டதும் அதுதான். அரண்மனைக்குப் பிடித்ததையே சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதே என்று வேதமே சொல்கிறது.

சரி, இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது? இதற்கு ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளில் வியாழக்கிழமைதோறும் வேதபாடம் வைத்திருந்தோம். வருகிறவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். அன்றைக்கு மத்தேயு 20. திராட்சத்தோட்டத்துக்காரன் கூலிக்காரரைத் தேடிப்போகும் உவமை. விடியற்காலை ஒரு தடவை போகிறான், ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் பொழுது சாயும் ஐந்து மணிக்கும் போகிறான். ராத்திரி எல்லோருக்கும் ஒரே கூலி. நான் இந்தப் பகுதியைப் பதினைந்து வருஷம் பிரசங்கித்திருந்தேன். முந்தி வந்தவர்கள் யூதர், பிந்தி வந்தவர்கள் புறஜாதியார், கிருபை எல்லோருக்கும் சமம் என்பது என் வழக்கமான குறிப்பு. நோட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

எழுபது வயதைத் தொட்ட ஒரு பாட்டி, கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவர், வாசிப்பின் நடுவில் கையை உயர்த்தினார். "ஐயா, அந்த அஞ்சு மணிக்காரன் என்ன சொன்னான்? திரும்ப வாசிங்க." வாசித்தேன்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பெரட்டுக்களத்துல நிக்க வச்சு, வேல இல்ல போன்னு திருப்பி அனுப்பிட்டா, அன்னிக்கு முழுக்க வீட்டுல புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியாதுய்யா. வெயில்ல வேல செஞ்சவனுக்கு ஒடம்புதான் வலிக்கும்." அப்புறம் சொன்னார்: "அரைப்பேர் போடாத தொரை இவரு ஒருத்தருதான்." பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் இடம். மலைநாட்டுத் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் கூலிக் கணக்கு. சொன்ன அளவு கொழுந்து வராவிட்டால் பாதி நாள் கூலிதான், அதற்கு அரைப்பேர் என்று பெயர். அந்தச் சொல்லை அந்த அறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். என் நோட்டை நான் மடித்து வைத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. பக்கத்தில் ஒரு பேக்டரியின் பழைய ரைட்டர் இருந்தார், கணக்கில் ஒரு பைசா விடாதவர். "அதெல்லாம் சரி, இப்படிப் பேர் போட்டா நாளைக்குக் காலையில எவன் நேரத்துக்கு வருவான்?" என்றார். கோபமாகவே கேட்டார். எனக்குச் சட்டென்று உறைத்தது, இந்த மனிதர் அதே உவமையின் பன்னிரண்டாம் வசனத்திலிருந்து பேசுகிறார்: "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." அவருக்கும் கதைக்குள் இடம் இருந்தது. வாசலில் நின்றிருந்த ஒரு பையன், உங்கள் வயதுதான் இருக்கும், "தோட்டம் யாருது ஐயா? அது தொரையோடதுதானே, அவர் இஷ்டப்பட்டாத்தானே முழுப்பேரு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் அன்றும் பதில் சொல்லவில்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. தோட்டக்காரன் "என்னுடையதை" என்று சொல்கிறான். தோட்டம் கடவுளுடையது என்றால் அந்தச் சொல் ஆறுதல், மனிதத் துரையுடையது என்றால் அதே சொல் வேறு மாதிரி ஒலிக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், நீங்கள் படித்ததெல்லாம் அந்த அறையில் நடந்தது. வாசகன் நிற்கும் இடம் அர்த்தத்தை மாற்றுகிறது என்பது அங்கே கண்ணால் பார்த்த உண்மை. பாட்டி நின்ற பெரட்டுக்களத்தில் நான் நின்றதில்லை, ஆகவே பதினைந்து வருஷம் அந்த வசனம் எனக்குக் கேட்கவேயில்லை. ஆனால் பாட்டி எதையும் இட்டுக்கட்டவில்லை. "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்பது மத்தேயுவில் கறுப்பு மையில் இருந்தது. ரைட்டருக்குப் பிடிக்காத முடிவை ரைட்டரால் மாற்றவும் முடியவில்லை. பிந்தி வந்தவனுக்கும் ஒரு பணம்தான் கொடுக்கப்பட்டது. பிரதி எல்லோருக்கும் இடம் கொடுத்தது, எல்லோரையும் எதிர்த்தும் நின்றது. வெறும் கண்ணாடியாக இருந்தால் அவரவர் முகம் மட்டும்தானே தெரிந்திருக்கவேண்டும்? அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் தன் முகம் தெரிந்தது, கூடவே தான் விரும்பாத ஒன்றும் தெரிந்தது. நான் அதைக் கடவுளின் வார்த்தை என்று சொல்வது இந்த அனுபவத்தை வைத்துத்தான். இது உங்களுக்கு நிரூபணம் ஆகாது, தெரியும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுக்குள் பாடபேதங்கள் ஏராளம். பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் முன்பின் மாறியது. உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுச் சிந்தாமணியைப் பதிப்பித்தது மாதிரியே அறிஞர்கள் இவற்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சில பேதங்கள் பெரியவை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு முக்கியப் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் 16:8-இல் நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு சரி. மீதிப் பன்னிரண்டு வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. மாற்கு வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாரா, கடைசி ஏடு தொலைந்ததா என்பதில்தான் சண்டை. இயேசு என்ற மனிதர் பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் அறையப்பட்டார் என்பதை விசுவாசியல்லாத சரித்திரக்காரர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதம் எழுதியது ஏறக்குறைய 55-ஆம் ஆண்டில். உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்கள் என்று ஒரு பட்டியலை அதில் கொடுத்து, பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதங்கள் பவுலே எழுதியதா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். கண்டோம் என்று அந்த மனிதர்கள் நம்பினார்கள், அதற்காக உயிரையும் பணயம் வைத்தார்கள் என்பதுவரை சரித்திரம் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். அவர் உயிர்த்தாரா என்பதைச் சரித்திர ஆராய்ச்சி முடித்து வைக்காது, இலக்கியக் கோட்பாடும் முடித்து வைக்காது. நான் நம்புகிறேன். என் வாழ்க்கையை அதன்மேல்தான் வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் நம்பவேண்டும் என்று என்னால் கட்டாயப்படுத்த முடியாது, அப்படிச் செய்யவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு கஷ்டத்தையும் மழுப்பாமல் சொல்லவேண்டும். "வேதமும் ஒரு நல்ல கதை, பல கதைகளில் ஒன்று" என்று சொல்லிவிட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும். பலர் அப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள். லெஸ்லி நியூபிகின் என்ற, ஸ்காட்லாந்து சபை அனுப்பிய ஆங்கிலேய மிஷனரி 1936-இல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றார். காஞ்சிபுரத்தில் இருந்தபோது, வாரம் ஒரு சாயங்காலம் ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உபநிஷதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறி வாசித்தார். அந்த மண்டபத்தில் பெரிய ஞானிகளின் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்குப் பூஜையும் உண்டு. அந்த மரியாதை உண்மையானது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இயேசு அந்த வரிசையில் ஒரு படமாக அடங்கிவிட்டார், அவர் இனி யாரையும் தொந்தரவு செய்யமாட்டார் என்பதையும் கவனித்தார். அவர் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் பேராயர் ஆனார். 1974-இல் இங்கிலாந்து திரும்பியபோது, மேற்குலகமும் இயேசுவை அப்படியே ஒரு சட்டத்துக்குள் மாட்டி, தனிப்பட்ட விருப்பம் என்ற சுவரில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தார். சுவிசேஷம் எல்லோருக்குமான உண்மை என்று கோருகிறது. அதை நான் சுருக்கிச் சொல்லமாட்டேன். லியோதார் சந்தேகப்பட்ட பெருங்கதையாடல்களில் இதுவும் ஒன்றுதான். ஆனால் இந்தக் கதையின் நடுவில் உண்மையின் பெயரால் நிற்பவர் கை கட்டப்பட்டு நிற்கிறார். அதிகாரத்தில் இருக்கும் பிலாத்துதான் "சத்தியமாவது என்ன" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போகிறார். சபை இதை மறந்து பிலாத்துவின் நாற்காலியில் உட்கார்ந்த காலமெல்லாம் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். சுவிசேஷத்துக்கு ஓர் உரை உண்டென்றால், அதை நம்பி வாழ்கிற சபைதான் அந்த உரை என்பது நியூபிகின் கருத்து. லைன் வீட்டு அறைக்குப் பிறகு அது எனக்கு முழுதாகப் புரிந்தது.

இனி உங்கள் தொண்டை. குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிப்பது, எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது ஆகாது. நீங்கள் அந்த வார்த்தைகளுக்கு ஒரு குரல் கொடுக்கிறீர்கள், வீட்டில் நான்கு பேர் கேட்கிறார்கள், நீங்களும் கேட்கிறீர்கள். யோபு சொன்னதையும் வாசிப்பீர்கள், யோபுவின் சிநேகிதர்கள் சொன்ன தவறையும் அதே குரலில்தான் வாசிப்பீர்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஒரு வரி ஆறுதல்கூட இல்லை. அதையும் சபை ஆராதனையில் வாசித்தே வந்திருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொன்ன தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. நீங்கள் எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் புத்தகத்துக்குள் உங்களுக்கு முன்பே ஒருவர் அங்கே நின்றிருப்பார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், துண்டு வசனமாக வாசிக்காதீர்கள். பிரதியைத் துண்டு துண்டாக்கியவர்கள் என்று பின்நவீனத்துவக்காரர்களைப் பழிப்போம், ஆனால் அந்த வேலையை நாம் நம் வீட்டிலேயே செய்து வைத்திருக்கிறோம். புதுவருஷ ராத்திரி ஆலயத்தில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, காலண்டர் வசனம், விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வருகிற வசனம். அதில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: உங்கள் மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை. இதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதம் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்குப் போனது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த எழுபதாம் வருஷத்தைப் பார்க்கவே போவதில்லை. அவர்களிடம்தான், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போன அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா எழுதுகிறார். கூடலூர்ச் சபையில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துக் காட்டியபோது, அவர் எழுந்துபோய் வாசலில் தான் நட்ட பலாமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அட்டையில் அச்சிட்ட ஒரே வசனம் அவரை எழுந்து நிற்க வைத்திருக்காது.

அம்மாவிடம் உங்கள் சந்தேகத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. உங்கள் வீட்டை நான் அறியேன். ஆனால் தொண்டை சரியில்லை என்று இன்னொரு முறை சொல்லவேண்டாம். அம்மாக்களுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும். அடுத்த விடுமுறைக்கு நாலு நாள் இருப்பீர்கள் என்றால் மாற்குவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் சிறியது. ராத்திரிக்கு நாலு அதிகாரம், நான்கு ராத்திரி. அம்மா ஒன்று, நீங்கள் ஒன்று, தங்கை ஒன்று என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். நடுவில் யாருக்கு எங்கே உறுத்துகிறதோ அங்கே நிறுத்தலாம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரி பதினாறாம் அதிகாரம் உங்கள் முறைக்கு வரட்டும். எட்டாம் வசனத்தில், பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போன இடத்தில், புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேளுங்கள், அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய் அப்புறம் என்ன செய்திருப்பார்கள் என்று.